லுத்தரன் பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும்: தயாராவதிலிருந்து 'சமாதானத்தோடே போ' வரை

"பாவ அறிக்கையா? அது கத்தோலிக்கர் செய்வதல்லவா?" லுத்தரன் சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இப்படிக் கேட்பதுண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஞாயிறு ஆராதனையின் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு ஜெபத்தை வாசிக்கிறோம், போதகர் ஏதோ சொல்கிறார், அப்புறம் பாட்டு. அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் போதகர் சொன்ன அந்த 'ஏதோ' ஒன்றுக்காகத்தான், அதாவது பாவமன்னிப்பை அறிவிக்கும் அந்த வார்த்தைக்காகத்தான், 16-ஆம் நூற்றாண்டின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் பாவ அறிக்கையைக் கைவிட மறுத்தார்.

1530 ஜூன் 25 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் லுத்தரன் பிரபுக்களும் நகரங்களும் தங்கள் விசுவாச அறிக்கையை வாசித்தார்கள். அதுவே ஆக்ஸ்பர்க் அறிக்கை. அதன் 11-ஆம் பிரிவு மிகச் சிறியது. தனிப்பட்ட பாவமன்னிப்பு சபைகளில் தொடர்ந்து இருக்க வேண்டும், ஆனால் எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்வது அவசியமில்லை என்று அது சொல்கிறது. 25-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படை: பாவ அறிக்கை எங்கள் சபைகளில் ஒழிக்கப்படவில்லை. ஆக, 'அது நமக்கு இல்லை' என்று சொல்கிறவர் தம் சபையின் சொந்தச் சாசனத்துக்கே எதிராகப் பேசுகிறார்.

இந்த வழிகாட்டி இரண்டு விதமானவர்களுக்கு. லுத்தரன் போதனை என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒன்று. போதகரிடம் தனியாகச் சென்று பாவ அறிக்கை செய்ய நினைத்தும், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தயங்குகிறவர்களுக்கு இன்னொன்று.

முதலில் எடையை இடம் மாற்றுங்கள்

லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் (கேள்வி-பதில் வடிவப் போதனை நூலில்) பாவ அறிக்கை பற்றி ஒரு பகுதி இருக்கிறது. பாவ அறிக்கைக்கு இரண்டு பாகங்கள் என்று அது சொல்லித்தருகிறது. ஒன்று, நம் பாவங்களை ஒப்புக்கொள்வது. இரண்டு, கேட்பவரிடமிருந்து பாவமன்னிப்பைத் தேவனிடமிருந்தே பெறுவதுபோலப் பெற்று, அதைச் சந்தேகிக்காமல், பரலோகத்தில் தேவன் முன்பாக நம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று உறுதியாக நம்புவது.

இரண்டில் எது முக்கியம்? எந்த லுத்தரன் போதகரைக் கேட்டாலும் இரண்டாவது என்றுதான் சொல்வார். பெரிய ஞானோபதேசத்தோடு சேர்க்கப்பட்ட பாவ அறிக்கை பற்றிய அறிவுரையில் லுத்தரும் அதைத்தான் அழுத்திச் சொல்கிறார்: முதல் பாகம் நான் செய்வது, இரண்டாவது தேவன் செய்வது. நம்முடைய செயலைப் பெரிதாக்கி, தேவனுடைய வார்த்தையை வாலில் கட்டிவிட்டதுதான் பழைய தவறு என்பது அவர் வாதம்.

இதை முதலில் பிடித்துக்கொள்ளாவிட்டால் இனி வரும் எதுவும் சரியாக விளங்காது. பாவ அறிக்கைக்குப் போகிறவர் எதையோ கொடுக்கப் போகவில்லை, வாங்கப் போகிறார். மருத்துவரிடம் போகிறவர் நோயைக் காட்டுவதற்காகப் போவதில்லை, மருந்துக்காகப் போகிறார். நோயைக் காட்டுவது வழியில் நடப்பது.

லுத்தர் எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார்

1215-இல் ரோமில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கம், விவரம் தெரிந்த வயதுக்கு வந்த ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் குருவிடம் எல்லாப் பாவங்களையும் அறிக்கையிட வேண்டும் என்று கட்டளையிட்டது. இதில் உள்ள 'எல்லா' என்ற ஒரு சொல்தான் இளம் துறவி லுத்தரை வாட்டியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனா? மறந்தது ஏதாவது உண்டா? உண்மையாகவே வருந்தினேனா, அல்லது நரகத்துக்குப் பயந்து மட்டும் வருந்தினேனா? அவருடைய மடத்து மேலாளர் யோகான் ஃபான் ஸ்டாவ்பிட்ஸ், உன் மனதுக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டார். லுத்தர் அந்த உதவியைக் கடைசிவரை நன்றியோடு நினைத்தார்.

இன்னொரு சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. மத்தேயுவில் இயேசு முதலாவதாகப் பிரசங்கிக்கும் கட்டளையை இலத்தீன் வேதாகமம் 'தவம் செய்யுங்கள்' என்று எடுத்துக்கொள்ளக்கூடிய விதத்தில் மொழிபெயர்த்திருந்தது. கிரேக்க மூலமோ மனம் மாறுவதைச் சொல்கிறது. லுத்தர் 1517-இல் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவது இதைப் பற்றித்தான்: விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று கிறிஸ்து விரும்பினார். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. 'மனந்திரும்புங்கள்' என்ற நம் சொல்லிலேயே மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. லுத்தர் கிரேக்கம் படித்துக் கண்டுபிடித்ததை நாம் சொல்லைப் பிரித்தாலே கண்டுகொள்ளலாம்.

அன்றைய போதனையில் பாவ அறிக்கை ஒரு அருட்சாதனம், அதாவது தேவகிருபையைத் தரும் புனிதச் சடங்கு. அதற்கு மூன்று பாகங்கள்: மனவருத்தம், வாய்மொழி அறிக்கை, ஈடுசெய்யும் பரிகாரம். ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 12-ஆம் பிரிவு இதை இரண்டாக்கியது. பாவத்தை உணர்வதால் மனசாட்சிக்கு வரும் திகில் ஒன்று. கிறிஸ்துவின் நிமித்தம் மன்னிப்பு உண்டு என்று நம்பும் விசுவாசம் மற்றொன்று. நற்செயல்கள் அதன் கனிகளாகப் பின்னால் வரும். பரிகாரம் என்ற பாகம் அப்படியே எடுக்கப்பட்டுவிட்டது, ஏனென்றால் ஈடு ஏற்கெனவே சிலுவையில் செய்து முடிந்துவிட்டது.

ஆனால் வழக்கத்தையே தூக்கியெறிந்துவிட லுத்தர் ஒப்பவில்லை. அவர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்தபோது, அவருடைய ஊரான விட்டன்பர்க்கில் அவருடைய சக சீர்திருத்தவாதி ஆந்திரேயாஸ் கார்ல்ஸ்டாட் 1521 கிறிஸ்துமஸ் நாளில் முன்கூட்டிய பாவ அறிக்கை இல்லாமலே நற்கருணை வழங்கினார். 1522 மார்ச்சில் திரும்பி வந்த லுத்தர் எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்தார். எட்டாவது பிரசங்கம் பாவ அறிக்கை பற்றியது. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறார். அதே மூச்சில், உலகத்தின் செல்வத்தையெல்லாம் கொடுத்தாலும் தனிப்பட்ட பாவ அறிக்கையை என்னிடமிருந்து யாரும் பறிக்க விடமாட்டேன் என்றும், அது இல்லாதிருந்தால் பிசாசு என்னை எப்போதோ வென்றிருப்பான் என்றும் சொல்கிறார். கட்டாயம் கூடாது, கைவிடவும் கூடாது. லுத்தரன் நிலை இன்றுவரை இதுதான். பின்னாளில் விட்டன்பர்க் நகரப் போதகர் யோகான்னஸ் பூகன்ஹாகனிடம் லுத்தர் தாமே பாவ அறிக்கைக்குச் சென்றார்.

யாரிடம் எதைச் சொல்வது

தேவனிடம் எல்லாவற்றையும். தெரிந்த பாவம், தெரியாத பாவம் எல்லாம் இதில் அடங்கும். 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறோம்.

தவறு யாருக்கு எதிராக நடந்ததோ அவரிடம், அந்தத் தவறை. மனைவியிடம் கத்தியவர் போதகரிடம் மட்டும் சொல்லிவிட்டு மனைவியிடம் வாயே திறக்காமல் இருந்தால், ஏதோ குளறுபடி இருக்கிறது.

சபையாக ஆராதனையில், பொதுவாக. இதற்கு வேர் இடைக்காலத்திலேயே உண்டு. பிரசங்கத்துக்குப் பின் மக்கள் சேர்ந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்கம் ஜெர்மன் நாடுகளில் இருந்தது.

போதகரிடம் தனியாக, மனதை உறுத்தும் பாவங்களை மட்டும். தெரிந்ததும் இருதயத்தில் உணர்ந்ததும் போதும் என்பது ஞானோபதேசத்தின் அளவுகோல். ஆக்ஸ்பர்க் அறிக்கை இதற்குச் சங்கீதம் 19:12-ஐச் சான்றாகக் காட்டுகிறது: 'தன் பிழைகளை உணருகிறவன் யார்?' முழுப் பட்டியலை யாராலும் போட முடியாது, அதனால் யாரிடமும் கேட்கவும் கூடாது.

ஆராதனையில் சொல்லப்படும் பொது மன்னிப்பு போதாதா என்று ஒரு கேள்வி எழும். 1533-இல் நியூரம்பர்க் நகரில் இதே கேள்வி பெரிய சண்டையாகவே வெடித்தது. ஆந்திரேயாஸ் ஓசியாண்டர் என்ற பிரசங்கி, பொது மன்னிப்பு செல்லாது, தனிப்பட்டதுதான் சரி என்று வாதிட்டார். நகரசபை விட்டன்பர்க்கின் கருத்தைக் கேட்டது. லுத்தரும் அவருடைய சகாவான மெலாங்க்தனும் இரண்டும் செல்லும், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தப் பதிலின் நிதானம். பொது மன்னிப்பு குறைந்த மன்னிப்பு அல்ல. ஆனால் குற்றவுணர்ச்சிக்கு ஒரு குணம் உண்டு: கூட்டத்தில் நின்று கேட்கும்போது 'இது மற்றவர்களுக்கு, எனக்கு அல்ல' என்று அது காதில் ஓதும். பெயர் சொல்லி, முகம் பார்த்து, 'உன் பாவங்களை மன்னிக்கிறேன்' என்று ஒருவர் சொல்லும்போது அந்தச் சாக்குக்கு இடமில்லை. தனிப்பட்ட பாவமன்னிப்பின் பயனே இந்த 'உன்' என்ற சொல்தான்.

தன்னை ஆராய்வது: பத்துக் கட்டளைகளும் உங்கள் இடமும்

தயாராவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். லுத்தர் தரும் முறை எளிமையானது. பத்துக் கட்டளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை வெறுமனே வாசிக்காமல், உங்கள் இடத்திலிருந்து வாசியுங்கள். நீங்கள் தகப்பனா, தாயா, மகனா, மகளா, கணவனா, மனைவியா, வேலைக்காரரா, வேலை கொடுப்பவரா? அந்த இடத்தில் கீழ்ப்படியாமல், உண்மையில்லாமல், சோம்பலாக இருந்தீர்களா? சொல்லாலோ செயலாலோ யாரையாவது நோகடித்தீர்களா? திருடினீர்களா, அலட்சியமாக இருந்தீர்களா, எதையாவது பாழாக்கினீர்களா?

ஞானோபதேசம் தரும் மாதிரிகளைப் பாருங்கள். ஒரு வேலையாள், சொன்னதைச் செய்யவில்லை, எஜமானைக் கோபப்படுத்தினேன், சபித்தேன், வேலையை அசட்டை செய்தேன் என்கிறார். ஒரு எஜமான், பிள்ளைகளையும் வீட்டாரையும் தேவனுக்கு மகிமையாக வளர்க்கவில்லை, கெட்ட முன்மாதிரியாக இருந்தேன், அயலாருக்குத் தீங்கு செய்தேன், அதிக விலைக்கு விற்றேன், மட்டமான சரக்கைக் கொடுத்தேன் என்கிறார். கவனியுங்கள், இதில் விசித்திரமான பாவம் எதுவும் இல்லை. தராசும் கடையும் சமையலறையும்தான். 'நான் பெருமையுள்ளவன்' என்று மேலோட்டமாகச் சொல்வதைவிட, 'என் தம்பியின் தொழில் நொடித்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது' என்று சொல்வது உண்மையான அறிக்கை. பொதுச் சொற்கள் மறைந்துகொள்ள வசதியானவை.

ஒரு தாளில் குறித்துக்கொள்வது சிலருக்கு உதவும். அது நினைவுக்கு மட்டும், கணக்குப் புத்தகம் அல்ல. காரியம் முடிந்ததும் கிழித்துப் போடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சிலருக்கு இந்த ஆராய்ச்சி முடிவே இல்லாமல் ஓடும். ஒவ்வொரு நினைவையும் புரட்டி, அதற்குப் பின்னால் இருந்த நோக்கத்தையும் புரட்டி, இரவெல்லாம் தூங்காமல் இருப்பார்கள். லுத்தர் அந்தக் குழியில் இருந்து மீண்டவர் என்பதால் தெளிவாகவே எழுதினார்: பெரிய பாவங்கள் எதுவும் அழுத்தவில்லை என்றால் தேடித் துருவாதே, புதிதாகக் கண்டுபிடிக்காதே, பாவ அறிக்கையைச் சித்திரவதை ஆக்காதே. தெரிந்த ஒன்றிரண்டைச் சொல், போதும். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை என்றால் (அது நடப்பது அரிது என்று அவரே சேர்த்துக்கொள்கிறார்) எதையும் தனியாகச் சொல்லாமல், பொதுவான அறிக்கையின்மேல் மன்னிப்பைப் பெற்றுக்கொள்.

'நான் போதுமான அளவு வருந்தினேனா?' என்ற கேள்வியையும் இங்கேயே விட்டுவிடுங்கள். போதுமான அளவு யாரும் வருந்தியதில்லை. மன்னிப்பு உங்கள் வருத்தத்தின் எடைக்குக் கிடைக்கும் கூலி என்றால், அது பழைய வழிக்கே திரும்பிப் போவதாகும்.

போதகரிடம் கேட்பது

பலருக்கு இதுதான் கடினமான படி. ஆராதனை முடிந்து கைகுலுக்கும் வரிசையில் கேட்க வேண்டாம். தொலைபேசியிலோ நேரிலோ, 'ஐயா, தனிப்பட்ட பாவ அறிக்கைக்கு ஒரு நேரம் ஒதுக்க முடியுமா?' என்று கேட்டால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. சில போதகர்களுக்கு இந்தக் கோரிக்கை அடிக்கடி வருவதில்லை. ஒரு கணம் தடுமாறினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தப் போதகரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் வேறொரு லுத்தரன் போதகரிடம் போகலாம்.

இரகசியம் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். தம்மிடம் அறிக்கையிடப்பட்ட பாவங்களை யாரிடமும் வெளிப்படுத்தமாட்டேன் என்று பல லுத்தரன் சபைகளில் போதகர்கள் அபிஷேகத்தின்போதே வாக்குக் கொடுக்கிறார்கள். மன்னிக்கப்பட்ட பாவம் இனி இல்லை, இல்லாததைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள நியாயம். இருந்தாலும் பிறர் உயிருக்கோ குழந்தைகளுக்கோ ஆபத்து இருக்கும் சூழலில், சபை விதிகளும் நாட்டுச் சட்டங்களும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. சந்தேகம் இருந்தால் தொடங்கும் முன்பே போதகரிடம் கேட்டுவிடலாம், அதில் தவறே இல்லை. சட்டப்படி குற்றமான ஒன்றைச் செய்தவருக்கு, மன்னிப்பைச் சொல்லும் அதே போதகர் காவல்துறையிடம் சரணடையும்படி வற்புறுத்தவும் செய்வார். தேவன் முன்பு பாவம் நீங்குவது ஒன்று, ஊர் முன்பு தண்டனை நீங்குவது வேறொன்று.

உள்ளே என்ன நடக்கும்

பெரும்பாலும் ஆலயத்திலேயே, பலிபீடத்துக்கு அருகில். முழங்கால் போடலாம், உட்காரலாம். மறைப்புத் திரை கொண்ட கூண்டு வேண்டியதில்லை. ஆனாலும் பழைய ஜெர்மன் லுத்தரன் ஆலயங்கள் சிலவற்றில் பாவ அறிக்கைக்கென்றே செய்த மர இருக்கைகளை இன்றும் பார்க்கலாம்.

சடங்குமுறை சபைக்குச் சபை சற்று மாறும். ஞானோபதேசத்தின் குறுகிய வடிவமே எல்லாவற்றுக்கும் அடிப்படை. முதலில் வந்தவர் கேட்கிறார்: மதிப்பிற்குரிய ஐயா, தேவனுக்காக என் பாவ அறிக்கையைக் கேட்டு, எனக்கு மன்னிப்பைச் சொல்லுங்கள். போதகர், சொல்லுங்கள் என்கிறார். பிறகு, எளிய பாவியாகிய நான் எல்லாப் பாவங்களுக்கும் தேவன் முன்பு குற்றவாளி என்று தொடங்கி, மனதை உறுத்துவதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கடைசியில்: இவை எல்லாவற்றுக்காகவும் வருந்துகிறேன், கிருபைக்காக மன்றாடுகிறேன், திருந்த விரும்புகிறேன். பல சபைகளின் ஆராதனைப் புத்தகங்கள் இதோடு 51-ஆம் சங்கீதத்தையும் சேர்க்கின்றன.

கதை சொல்ல வேண்டாம். பின்னணி, சூழ்நிலை, அவர் முதலில் என்ன சொன்னார் என்றெல்லாம் தொடங்கினால் அறிக்கை மெல்ல மெல்ல வாதாட்டமாக மாறிவிடும். அடுத்தவர் பாவத்தையும் சேர்த்து அறிக்கையிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தாவீதைப் பாருங்கள். நாத்தான் வந்து நின்றபோது, 'நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்' என்று ஒரே வரிதான். பத்சேபாளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அழுகை வந்தால் வரட்டும். வராவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை. போதகர் துருவித் துருவிக் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. மனம் மிகவும் நொந்தவருக்கு ஏற்ற வேதவசனங்களைச் சொல்லித் தேற்றலாம்.

அப்புறம் அந்தக் கேள்வி வரும்: என்னுடைய மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பு என்று நம்புகிறீர்களா? ஆம் என்பதே பதில். நீங்கள் விசுவாசிக்கிறபடியே உங்களுக்கு ஆகக்கடவது என்று சொல்லி, பெரும்பாலும் தலையில் கைகளை வைத்து, போதகர் சொல்வார்: நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவின் கட்டளைப்படி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் நான் உங்கள் பாவங்களை உங்களுக்கு மன்னிக்கிறேன். ஆமென். சமாதானத்தோடே போங்கள்.

ஒரு மனிதன் எப்படி 'நான் மன்னிக்கிறேன்' என்று சொல்லலாம்?

இந்த இடத்தில் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். பாவங்களை மன்னிக்க தேவன் ஒருவரே அல்லாமல் வேறு யாரால் கூடும் என்று வேதபாரகர் இயேசுவைக் குறித்தே தங்கள் உள்ளத்தில் கேட்டுக்கொண்டார்கள். கேள்வி நியாயமானது. லுத்தரன் பதில், போதகருக்குச் சொந்தமாக எந்த வல்லமையும் கிடையாது என்பதிலிருந்து தொடங்குகிறது. உயிர்த்தெழுந்த மாலையில் பூட்டிய கதவுக்குள் இயேசு வந்து சீஷர்கள்மேல் ஊதி, 'எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும்' என்றார் (யோவான் 20:23). சொன்னவர் அவர், கட்டளை அவருடையது. போதகர் அவருடைய வாயாக நிற்கிறார். தபால்காரர் கொண்டுவரும் பணம் தபால்காரருடையது அல்ல, ஆனால் அவர் கையில் கொடுக்கும்போது அது உண்மையான பணம்தான்.

அதனால்தான் போதகரின் பரிசுத்தத்தைப் பொறுத்து மன்னிப்பு கூடுவதோ குறைவதோ இல்லை. உங்கள் போதகர் கோபக்காரராக இருக்கலாம், நேற்றுத்தான் உங்களோடு சபைக்கூட்டத்தில் வாக்குவாதம் செய்திருக்கலாம். வார்த்தை அவருடையதல்ல.

இதைவிட நுட்பமான ஒரு விஷயம் உண்டு, லுத்தரன் போதனையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதியும் அதுவே. 1530-இல் திறவுகோல்கள் பற்றி, அதாவது பாவத்தை மன்னிக்கவும் மன்னிக்காமல் கட்டவும் கிறிஸ்து சபைக்குக் கொடுத்த அதிகாரம் பற்றி, எழுதியபோது, நிபந்தனையோடு சொல்லப்படும் மன்னிப்பை லுத்தர் கடுமையாகத் தாக்கினார். 'நீ உண்மையாக மனம் வருந்தியிருந்தால் உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன' என்று சொன்னால் என்ன ஆகும்? கேட்பவர் உடனே தமக்குள் திரும்பிப் பார்ப்பார்: வருந்தினேனா? உண்மையாகத்தானா? நங்கூரம் தன் கப்பலுக்குள்ளேயே போடப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட திறவுகோல் எந்தப் பூட்டையும் திறக்காது. கிறிஸ்துவின் திறவுகோல் தள்ளாடாது என்றார் லுத்தர். மன்னிப்பு சொல்லப்பட்டால் சொல்லப்பட்டதுதான். ஒருவர் அதை நம்பாமல் தள்ளிவிடலாம், அப்போது அதனால் அவருக்குப் பயன் இராது. ஆனால் கொடுக்கப்பட்ட பரிசு போலியாக இருந்ததால் அல்ல.

ஆக, 'எனக்கு மன்னிப்புக் கிடைத்ததுபோல உணர்வே வரவில்லையே' என்றால்? உணர்வு பிறகு வரலாம், வராமலும் போகலாம். காதில் என்ன விழுந்தது என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். விசுவாசம் என்பது உள்ளே எதையோ முறுக்கி எழுப்புவது அல்ல, வெளியிலிருந்து வந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வது. சந்தேகம் மறுபடி வந்து தொந்தரவு செய்தால், இன்ன நாளில் இன்ன இடத்தில் கிறிஸ்துவின் கட்டளைப்படி எனக்கு மன்னிப்புச் சொல்லப்பட்டது என்று அதற்குப் பதில் சொல்லலாம். அதற்காகத்தான் வெளியே கேட்கும்படி ஒரு குரல் வைக்கப்பட்டிருக்கிறது.

இது ஒரு அருட்சாதனமா என்ற கேள்வியில் லுத்தரன்கள் பிடிவாதம் காட்டுவதில்லை. 1520-இல் லுத்தர் ஒரே நூலின் தொடக்கத்தில் அருட்சாதனங்கள் மூன்று என்று சொல்லி, முடிவில் பாவ அறிக்கையில் தண்ணீர், அப்பம் போலக் காணக்கூடிய பொருள் இல்லாததால் இரண்டுக்கு வந்தார். 1531-இல் மெலாங்க்தன் எழுதிய ஆக்ஸ்பர்க் அறிக்கையின் தற்காப்புரையோ ஞானஸ்நானம், நற்கருணை, பாவமன்னிப்பு என்று மூன்றையும் தயங்காமல் எண்ணுகிறது. எண்ணிக்கை எதுவானாலும் கிடைப்பது ஒன்றே.

வெளியே வந்த பிறகு

பரிகாரமாக இத்தனை ஜெபம் சொல், இத்தனை நாள் உபவாசம் இரு என்று போதகர் எதையும் விதிக்க மாட்டார். சிலருக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஏதாவது செய்து கணக்கைத் தீர்த்தால் நிம்மதி என்று தோன்றும். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஆனால் திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பரப்பிய பொய்யைத் திருத்த வேண்டும். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தது இயேசு தன் வீட்டுக்குள் வந்த பிறகுதான், வரவழைப்பதற்காக அல்ல. அயலானுக்கு அது தேவை, அதனால் செய்கிறோம். தேவனுக்கு அது விலை அல்ல.

அதே பாவத்தில் மறுபடி விழுந்தால்? மறுபடி போங்கள். 'போன மாதம் சொன்னதையே எப்படி மறுபடி சொல்வது' என்ற வெட்கம்தான் பலரைப் பாவ அறிக்கையிலிருந்து நிரந்தரமாகத் துரத்துகிறது. மதுவோ சூதோ போன்ற அடிமைத்தனம் என்றால் மருத்துவ உதவியும் தேவை. ஒன்று மற்றதற்கு மாற்று அல்ல.

மன்னிப்பு மறுக்கப்படுமா?

மறுக்கப்படலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. பாவம் பெரியது என்பதற்காக யாருக்கும் மறுக்கப்படுவதில்லை. பாவத்தை விடமாட்டேன், அது பாவமே இல்லை என்று அடம்பிடிப்பவருக்கே கட்டும் திறவுகோல். அதுவும் மத்தேயு 18 சொல்லும் படிகளின்படி, அவரை மீட்டெடுக்கும் நோக்கத்தோடு. தன் பாவத்துக்குப் பயந்து கதவைத் தட்டுகிறவர் அந்த வகையில் சேரவே மாட்டார்.

இது ஏன் மறைந்துபோனது

தொடக்கத்தில் லுத்தரன் சபைகளில் நற்கருணைக்கு முன் போதகரிடம் வந்து விசாரிக்கப்பட்டு மன்னிப்புப் பெறுவது வழக்கமாக இருந்தது. காலப்போக்கில் அது இயந்திரமானது. மனப்பாடமாக ஒரு வாசகம், அதற்கு ஒரு மன்னிப்பு, போகும்போது போதகருக்கு ஒரு காணிக்கைக் காசு. பெர்லினில் உள்ளார்ந்த பக்தியை வலியுறுத்திய பயட்டிஸ்ட் இயக்கத்தைச் சேர்ந்த யோகான் காஸ்பர் ஷாடே என்ற போதகர், மனந்திரும்பாதவர்களுக்கும் வரிசையாக மன்னிப்புச் சொல்ல என் மனசாட்சி இடம் தரவில்லை என்று 1690-களில் போர்க்கொடி தூக்கினார். பெரிய கலகமாகி, 1698-இல் தனிப்பட்ட பாவ அறிக்கையை அவரவர் விருப்பத்துக்கு விட்டு அரசாணை வந்தது. வேறு பல இடங்களிலும் அடுத்த நூற்றாண்டில் இதேபோல நடந்தது. விருப்பத்துக்கு விட்டதில் தவறில்லை, லுத்தரும் அதையே கேட்டார். ஆனால் விருப்பத்துக்கு விட்டது விரைவிலேயே மறதிக்குப் போய்விட்டது.

19-ஆம் நூற்றாண்டில் நொய்யன்டெட்டல்சாவ் கிராமப் போதகர் வில்ஹெல்ம் லோஹே இதை மீண்டும் உயிர்ப்பித்தார். 1930-களில் ஃபின்கன்வால்டே குருமடத்தில் ஜெர்மன் லுத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் தம் மாணவர்களை ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யும்படி ஊக்குவித்தார். குருமாணவர்களுக்கே அது அப்போது புதுமையாகவும் சங்கடமாகவும் இருந்தது.

போதகர் கிடைக்காதபோது

ஒருவருக்கொருவர் என்பது போன்ஹோஃபரின் கண்டுபிடிப்பு அல்ல. 'உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு' என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். 1537-இன் ஸ்மால்கால்ட் பிரிவுகள் என்ற விசுவாச அறிக்கையில், சுவிசேஷம் நமக்கு வரும் வழிகளைப் பட்டியலிடும்போது பிரசங்கம், ஞானஸ்நானம், நற்கருணை, திறவுகோல்களின் வல்லமை ஆகியவற்றோடு, சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வதையும் லுத்தர் சேர்க்கிறார். ஒழுங்காக அழைக்கப்பட்ட போதகர் இருக்கும்போது அவரிடம் போவதே முறை. அவசரத்தில் எந்தக் கிறிஸ்தவரும் மற்றவருக்கு மன்னிப்பைச் சொல்லலாம்.

யாராவது உங்களிடம் வந்து சொன்னால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குறுக்கே பேசாதீர்கள். 'இதெல்லாம் ஒரு தப்பா, விடுங்கள்' என்று சமாதானப்படுத்தாதீர்கள். அது மன்னிப்பல்ல, மன்னிக்க ஒன்றுமில்லை என்ற மறுப்பு. உங்கள் சொந்தக் கதையை எடுத்துவிடாதீர்கள். கேட்டு முடித்ததும், இயேசுகிறிஸ்துவின் நிமித்தம் உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். பிறகு அதைப் பற்றி யாரிடமும், அவரிடம்கூட, பேச்செடுக்காதீர்கள்.

1537-இல் மெலாங்க்தன் எழுதிய, லுத்தரன் விசுவாச நூல்களில் சேர்ந்துள்ள ஒரு கட்டுரை, அகுஸ்தீனார் சொன்ன ஒரு நிகழ்ச்சியை இதற்கு எடுத்துக்காட்டுகிறது. கப்பலில் இரண்டு பேர். சுற்றிலும் கடல், குருவானவர் யாரும் இல்லை. ஒருவர் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர். மற்றவர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். தலையில் தண்ணீர் காய்வதற்குள் கிறிஸ்தவராகியிருந்த அந்தப் புதியவர், தமக்கு ஞானஸ்நானம் கொடுத்தவருக்குத் திரும்பிப் பாவமன்னிப்பைச் சொன்னார்.